போர்ட்டா கேபினில் விண்டர்கிரீன்

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். விளக்கம் பிறகு.

1. குளிர்நாட்டில், மர நிழலில், ஈர மண்ணில் படரும் ஒரு செடியைக் குவைத்தில் வளர்க்கச் சொன்னார்கள்.
2. சரி என்றேன்.
3. கோடையில் செடிகளுக்கு ஏ.சி. அறை கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.
4. ஒரு டிரே செடிகள் ரசம் குடித்துச் செத்தன.
5. மற்றவை பூத்தன, காய்த்தன, பழுத்தன.
6. பழம் சிவந்ததும் இலைகள் காணாமல் போகத் தொடங்கின. பழங்களை யாரும் தொடவில்லை.
7. ஆட்டின் மேல் சந்தேகம் விழுந்தது. ஆடு நிரபராதி.
8. உண்மையான ஆளைக் கண்டுபிடித்தபோது, கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

இதை உங்கள் மூவருக்காகவும் எழுதுகிறேன். ஊரில் விவசாயப் பட்டம் வாங்கிக்கொண்டு, இந்தக் கம்பெனிக் கேம்பின் தோட்டப் பிரிவுக்கு வந்து இறங்கியிருக்கிறீர்கள். நான் இந்த மாதக் கடைசியில் போகிறேன். என் கணவருக்குச் சவூதியில் தம்மாமுக்கு மாற்றல். அங்கே எனக்கு இந்த வேலையைத் தர யாரும் இல்லை. ஆகவே இருபத்தொன்பது வயதில் நான் ஓய்வுபெற்றவள். ஓய்வுபெற்றவர்களுக்கு அறிவுரை சொல்லும் உரிமை உண்டு என்பார்கள். அதற்கு வயது வரம்பு இருப்பதாக யாரும் சொன்னதில்லை.

உரம், மருந்து, தண்ணீர் விடும் முறை ஆகியவற்றைப் பற்றி இங்கே எழுதவில்லை. அவை உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் செடி சொல்லும். மனிதர்கள் செய்வதைச் செடி சொல்லாது. அதற்காகத்தான் இது.

நான் சேர்ந்தபோது இந்தப் பிரிவில் பெண் யாரும் இல்லை. கேம்ப் மேனேஜர் மிஸ்டர் ஹாலம் என் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, என் செருப்பைப் பார்த்தார். "வெயிலில் நிற்க வேண்டியிருக்குமே?" என்றார்.

"செடிகளும் வெயிலில்தானே நிற்கின்றன" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அந்தக் குளிர்காலம் வரை சோதனைக்கு வைத்துக்கொள்வதாகவும், சரிப்பட்டு வராவிட்டால் டைப்பிங் பிரிவுக்கு மாற்றிவிடுவதாகவும் சொன்னார். எனக்கு டைப் அடிக்கத் தெரியாது என்றேன். பெண்கள் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள் என்றார். சோதனை எது என்பதை அப்போது அவரும் அறியவில்லை. அதை அவர் மனைவி முடிவுசெய்தார்.

மிஸஸ் ஹாலம் உயரமானவர், நல்லவர், ஒன்றை நினைத்தால் விடாதவர். கேம்பை அழகுபடுத்தும் குழுவுக்கு அவர்தான் தலைவி. குழுவில் வேறு யாரெல்லாம் இருந்தார்கள் என்பது கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. அவர் ஊர்த் தோட்டத்தில் பைன் மரங்களுக்கு அடியில் ஒரு செடி கம்பளம்போல் படர்ந்திருக்குமாம். வருடம் முழுவதும் பச்சை. குளிர்காலத்தில் பச்சைக்கு நடுவே சிவப்புப் பழங்கள். கிறிஸ்துமஸ் விருந்தன்று கிளப் முற்றத்தில் அப்படி ஒரு படுகை வேண்டும். மண்ணும் மட்கிய பாசியுமாகச் செடிகள் விமானத்தில் வந்து இறங்கின.

"இது வந்தால் வேலை உங்களுக்கு" என்றார் மிஸ்டர் ஹாலம், பெட்டியைப் பார்த்தபடி. வராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. ஜன்னல் வழியே டைப்ரைட்டர்களின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பெட்டியைத் திறந்து ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தேன். ஒரு கணம் நான் குவைத்தில் இல்லை. நான் குன்னூரில் பிறந்தவள். ஊட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தைலக் கடைகளில் நீலகிரித் தைலத்துக்கு அடுத்த வரிசையில் விண்டர்கிரீன் தைலம் இருக்கும். மூட்டுவலிக்கு, தலைவலிக்கு, சுளுக்குக்கு, எதற்கு வேண்டுமானாலும் தடவுவார்கள். அந்தத் தைலம் எடுக்கும் செடிக்கு இது ஒன்றுவிட்ட தங்கை. அதே பெயர், அதே வாசனை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மூக்கு எல்லோருக்கும் இருக்கிறது.

இனி ராயப்பன். இவரை உங்களுக்கு இன்னும் அறிமுகம் செய்யவில்லை என்றால் அது இந்த வாரத்துக்குள் தானாகவே நடந்துவிடும். தூத்துக்குடிக்காரர், ஏ.சி. மெக்கானிக், வெள்ளிக்கிழமை கிரிக்கெட்டில் வேகப் பந்து வீச்சாளர். யார் கேட்டாலும் உதவி செய்வார். கேட்காவிட்டால் இன்னும் வேகமாகச் செய்வார்.

கோடைக்குச் செடிகளை எங்கே வைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, சும்மா கிடந்த ஒரு போர்ட்டா கேபினை, அதாவது தூக்கி வைக்கும் தகர அறையை, காட்டி, அதில் ஜன்னல் ஏ.சி.யும் மாட்டிக் கொடுத்தார் ராயப்பன். குழாயில் வரும் உப்புத் தண்ணீர் இந்தச் செடிக்கு ஆகாது என்று நான் சொன்னதும், கேம்பில் ஓடும் ஏ.சி.க்கெல்லாம் அடியில் வாளி வைத்துச் சொட்டுத் தண்ணீர் சேர்த்தவரும் அவரே. மழைத்தண்ணீர்போல் சுத்தமான தண்ணீர். இந்த யோசனைக்கு நான் இன்றும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். அதனால்தான் அடுத்து நடந்ததற்கு அவரைத் திட்ட முடியவில்லை.

ஜூலை மாதம் வந்தது. வெளியே நிற்க முடியாத வெயில். கேம்பில் செடிகளின் உடல்நலத்தைப் பற்றி இத்தனை பேர் கவலைப்படுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிளம்பர் வந்தார், பெயின்டர் வந்தார், லாரி டிரைவர் வந்தார். எல்லோரும் கேபினுக்குள் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஏ.சி.க்கு நேராக நின்று, "எப்படி இருக்கு மேடம் செடி?" என்று விசாரித்தார்கள். பதில் நீளமாக இருந்தால் சந்தோஷப்பட்டார்கள்.

ஒரு நாள் ராயப்பன் கேட்டார்: "இதுக்கு என்ன மண்ணு மேடம் பிடிக்கும்?"

"புளிப்பு மண்" என்றேன். மண்ணில் அமிலத்தன்மை வேண்டும் என்பதற்கு எளிமையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்.

அடுத்த வாரம் கதவோரத்து டிரேயில் செடிகள் ஒரு பக்கமாகக் கருகியிருந்தன. மண்ணில் எறும்பு ஊர்ந்தது. குனிந்து பார்த்தேன். ஒரு கடுகு. அதன் பக்கத்தில் ஒரு கறிவேப்பிலை.

"ராயப்பன், இது என்ன?"

"மெஸ்ஸில மிச்சம் இருந்துச்சு மேடம். நல்ல புளிப்பான ரசம். வீணாப் போவானேன்னு டெய்லி ஒரு டம்ளர்."

"ரசத்தில் உப்பு இருக்குமே."

"உப்பு இல்லாம எப்படி மேடம் ரசம் வைக்க? நீங்கதான புளிப்பு கேக்கும்னு சொன்னிய?"

"மண்ணுக்குச் சொன்னேன்."

"மண்ணுலதான் ஊத்துனேன். இலையில ஒரு சொட்டு விடல பாத்துக்கிடுங்க."

நியாயமான பதில். உங்களுக்கு முதல் அறிவுரை இதுதான்: உதவ வருகிறவரிடம் செடிக்கு என்ன பிடிக்கும் என்று சொல்லாதீர்கள். எந்த வாளியை எங்கே வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். நம் ஆட்கள் பிறர்க்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்தால் அதைச் சமைத்துப் போடாமல் விடமாட்டார்கள்.

அந்த டிரே போனது. மீதி பிழைத்தன. கேபினுக்குள் தேனீ வராது. ஆகவே பூத்தபோது, வரைபடம் போடும் என் கணவரின் மெல்லிய பிரஷ் ஒன்றை எடுத்துவந்து, ஒவ்வொரு பூவாகத் தொட்டுத் தொட்டு மகரந்தம் சேர்த்தேன். குளிர்காற்றுக்கு ஒதுங்கியவர்கள் வாய்திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிளம்பர் மட்டும், "படிச்சவங்க வேலையே தனிதான்" என்றார். பாராட்டா கிண்டலா என்று நான் கேட்கவில்லை.

நவம்பரில் வெளியே இதமான குளிர் வந்ததும் டிரேக்களை நிழல்வலைக் கொட்டகைக்கு மாற்றினேன். பழங்கள் பச்சையிலிருந்து வெளுத்து, வெளுப்பிலிருந்து சிவந்தன. மிஸஸ் ஹாலம் வந்து பார்த்தார். கண் கலங்கியதுபோல் இருந்தது. கொட்டகையில் தூசி அதிகம். எதனால் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

அப்போதுதான் இலைகள் குறையத் தொடங்கின.

எங்கள் ஃபோர்மேன் குலாம் பாய் ஹைதராபாத்காரர். வந்தார், பார்த்தார், உடனே தீர்ப்புச் சொன்னார்: "பக்ரி, பெஹன்ஜி. பக்ரி." ஆடுதான், தங்கச்சி, ஆடு. கேம்ப் வேலிக்கு வெளியே ஆட்டு மந்தை ஒன்று திரிவது உண்மைதான்.

"ஆடு பழத்தை விட்டுவிட்டு இலையை மட்டும் தின்னுமா?"

"சமஜ்தார் பக்ரி" என்றார். புத்திசாலி ஆடு.

அவர் வேலியை உயர்த்தினார். இலை போய்க்கொண்டே இருந்தது. கொண்டைக்குருவியாக இருக்கலாம் என்று வலையைத் தைத்தேன். இலை போய்க்கொண்டே இருந்தது. எலிப்பொறி வைத்தோம். பெயின்டரின் கட்டைவிரல் சிக்கியது. பெயின்டருக்குக் கொட்டகையில் என்ன வேலை என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கட்டுப்போட ஆள் தேடிக்கொண்டிருந்தேன்.

கேம்ப் கிளினிக்கில் எமில்டா சிஸ்டர், நாகர்கோவில்காரர், கட்டுப் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்: "பிள்ளே, எனக்கொரு அதிசயம் கேட்டியா. வலிக்குத் தடவுற ஆயின்ட்மென்ட் தீந்து போச்சு. கப்பல் வரல. கிரிக்கெட் ஆடிட்டு வந்து இடுப்பு, முட்டின்னு என் உயிர எடுப்பானுவ. இப்போ ஒருத்தனும் வரல்ல. எல்லாவனும் குதிச்சிட்டு நடக்கானுவ."

அவர் குனிந்து பெயின்டரின் தோளை முகர்ந்தார். "பின்ன, மணமும் வருது."

நானும் முகர்ந்தேன். பெயின்டர் கூரையைப் பார்த்தார்.

அன்று மாலை கேம்ப் பஸ்ஸில் ஏறினேன். அப்பாசியாவில் என் வீடுவரை அதில்தான் போவேன். தினமும் போகிறேன், வேலை முடிந்த களைப்பில் மூக்கை நம்புவதில்லை. அன்று நம்பினேன். பஸ் முழுவதும் ஊட்டித் தைலக் கடை. முன் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை. ராயப்பன் நெற்றியில் ஓர் இலையை ஒட்டவைத்துக்கொண்டு கண்மூடி உட்கார்ந்திருந்தார்.

"ராயப்பன்."

"மேடம்?"

"உங்கள் நெற்றியில் என் செடி இருக்கிறது."

இலையை எடுத்துப் பார்த்தார். அது எப்படி அங்கே வந்தது என்று அவருக்கே வியப்பாக இருந்ததுபோல் இருந்தது. "ரெண்டே ரெண்டு இலைதான் மேடம். தலைவலி மண்டையப் பொளக்குது."

"பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேருக்கும் ரெண்டு. அதுவும் தினமும்."

பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "எனக்கு முட்டிக்கு மேடம். அது நாலு வேணும்."

"நான் சொன்னேம்லா, பழத்தத் தொடாதியடேன்னு" என்று ராயப்பன் திரும்பி அதட்டினார். பிறகு என்னிடம், "பழம்தான மேடம் உங்களுக்கு முக்கியம்? ஒரு பழத்துல கைவைக்க விட்டிருப்பனா?" என்றார். உண்மையிலேயே எனக்கு நல்லது செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

இலை இல்லாவிட்டால் படுகை இல்லை. படுகை இல்லாவிட்டால் எனக்குத் தோட்டம் இல்லை, டைப்பிங்தான் என்று சொன்னேன். "டைப்பிங்கா?" என்றார் ராயப்பன். "அங்க ஏ.சி. நல்லா இருக்குமே மேடம்." பக்கத்தில் இருந்தவர் அவரை இடித்தார்.

இங்கே நான் என்ன செய்தேன் என்பதைக் கவனியுங்கள். புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் தோட்டத்துக்குத் தண்ணீர், ஏ.சி., லாரி எல்லாவற்றையும் தருகிற அத்தனை பேரும் ஒரே நாளில் எனக்கு எதிராளிகள். குன்னூரிலிருந்து வருகிற ஒவ்வொரு உறவினரும் எங்கள் வீட்டுக்குத் தைலப் பாட்டில் கொண்டுவருவது வழக்கம். வேறு எதையும் கொண்டுவரத் தோன்றுவதில்லை. சமையலறை அலமாரியில் சேர்ந்து கிடந்த பாட்டில்களை ஒரு பையில் போட்டுக் கிரிக்கெட் அணிக்குக் கொடுத்தேன். அவர்கள் பைபிள் மீதும், பிள்ளைகள் மீதும், கிரிக்கெட் மட்டை மீதும் சத்தியம் செய்தார்கள். செடிகளை மறுபடி கேபினுக்குள் வைத்துப் பூட்டினேன். சாவி இரண்டு. ஒன்று என்னிடம். மற்றொன்று குழுத் தலைவி மிஸஸ் ஹாலமிடம். நினைத்தபோது வந்து பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார்.

பிரச்சினை தீர்ந்தது.

இலைகள் போய்க்கொண்டே இருந்தன.

விருந்துக்கு அதிக நாள் இல்லை. ராயப்பனைக் கூப்பிட்டேன். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "மேடம், எங்க பயலுவ தொட்டிருந்தா என் கை வெளங்காது. நான் பௌலிங் போடுத கை." அதை நம்பினேன். வெள்ளிக்கிழமை மேட்ச் அந்த வாரம்தான் இருந்தது.

இலைகள் போன விதமும் விசித்திரமாக இருந்தது. ஒரு பக்கம் மட்டும் மொட்டையாகி இருந்தால் மறுபக்கத்தைத் திருப்பி வைத்துச் சமாளிக்கலாம். நான்கு பக்கமும் ஒரே சீராக, முடிவெட்டுகிறவர் பார்த்துப் பார்த்துக் குறைத்ததுபோல் இருந்தது. காம்புகள் கடிபடவில்லை, கிள்ளப்பட்டிருந்தன. ஒரு டிரேயில் சிவப்பாக ஏதோ விழுந்து கிடந்தது. பழம் உதிரத் தொடங்கிவிட்டது என்று பதறி எடுத்தேன்.

பழம் இல்லை. நகப்பூச்சுத் துணுக்கு.

ஆட்டுக்கு நகப்பூச்சு இல்லை. ராயப்பனுக்கும் இல்லை. எனக்கும் இல்லை. மிஸஸ் ஹாலம் அந்தக் குளிர்காலம் முழுவதும் கேம்ப் டென்னிஸ் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தார். அரையிறுதியில் ஜெயித்திருந்தார். வலது முழங்கையில் ஒரு பட்டை கட்டியிருந்தார். சாவியை வாங்கிப்போக வந்த அன்று அவருடைய சென்ட் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. அது என் செடிகளின் வாசனை என்று விட்டுவிட்டேன்.

இப்போது நீங்கள் என் இடத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படுகைக்கு இலை வேண்டும் என்பவர் அவர். அந்த இலையைக் கிள்ளுகிறவரும் அவர். படுகை சரியில்லை என்றால் உங்களை டைப்பிங்குக்கு அனுப்புகிறவர் அவருடைய கணவர். போய்ச் சொன்னால் அவமானம் அவருக்கு, ஆபத்து உங்களுக்கு. சொல்லாவிட்டால் விருந்தன்று வெறும் குச்சிகள்.

நான் செய்தது: ஒரு கோப்பைத் தேநீர் குடிக்கும் நேரம் வேண்டும் என்று கேட்டு அவருடைய பங்களாவுக்குப் போனேன். குரலை உயர்த்தாமல், விரல்விட்டு எண்ணிச் சொன்னேன்.

"இலைகள் இன்னும் போகின்றன, மேடம். யார் என்று ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டு வருகிறேன். ஆடு இல்லை; ஆட்டால் பூட்டைத் திறக்க முடியாது. பறவை இல்லை, ஜன்னல் மூடியிருக்கிறது. எலி இல்லை, எலி கடிக்கும், கிள்ளாது. கிரிக்கெட் அணி இல்லை. சத்தியம் செய்திருக்கிறார்கள், சாவியும் கிடையாது. மீதி இருப்பது சாவி வைத்திருக்கும் இரண்டு பேர்." தேநீரை ஒரு வாய் குடித்தேன். "எனக்கு முழங்கை வலி இல்லை."

மிஸஸ் ஹாலம் கோப்பையைக் கீழே வைத்தார். முழங்கையை மெதுவாக மேசைக்கு அடியில் கொண்டுபோனார்.

"பிஸ்கட்?" என்றார்.

எடுத்துக்கொண்டேன். இந்த நிலையில் மறுத்தால் சண்டை என்று அர்த்தம்.

"அந்த ஏ.சி. மனிதர்தான் சொன்னார்" என்றார். "என் அறை ஏ.சி.யைச் சுத்தம் செய்ய வந்தார். என் கையைப் பார்த்துவிட்டு, கசக்கிக் கட்டினால் மறுநாளே சரியாகும் என்றார். சரியாகிவிட்டது! லண்டன் டாக்டர் கொடுத்த எதுவும் கேட்கவில்லை." பிறகு கொஞ்சம் வீறாப்பாக, "நான் கவனமாகத்தான் எடுத்தேன். எப்போதும் பின் வரிசையில் மட்டும். சுவர்ப் பக்கம். முன்னாலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. செடி ஜன்னல் பக்கமே சாயும். சாயாமல் இருக்க டிரேக்களை அவ்வப்போது திருப்பி வைப்பது நம் வேலை. ஊரில் படித்தபோது முதல் வருடமே சொல்லிக்கொடுத்தது. அவர் பின்பக்கம் கிள்ளுவார். நான் திருப்புவேன். அவர் புதிய பின்பக்கத்தில் கிள்ளுவார். நான் மறுபடி திருப்புவேன். இரண்டு கவனமான பெண்கள் சேர்ந்து நான்கு பக்கமும் மொட்டையடித்திருக்கிறோம்.

இதை அவரிடம் விளக்கினேன். அவர் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்துப் பயந்தேன். சிரிக்கிறார். நானும் சிரித்திருப்பேன், வேலை போகிற நிலையில் இருந்ததால் அளவாகச் சிரித்தேன்.

"என்ன செய்யலாம்?" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"மூன்று வழி இருக்கிறது. ஒன்று, மிஸ்டர் ஹாலமிடம் உண்மையைச் சொல்வது. இரண்டு, எலி என்று சொல்வது. மூன்று, நான் டைப் அடிக்கக் கற்றுக்கொள்வது."

"ஜார்ஜிடம் சொல்ல முடியாது. தோட்டத்தில் யாரும் ஒரு பூவைக்கூடக் கிள்ளக் கூடாது என்று நோட்டீஸ் போட வைத்தவளே நான்." யோசித்தார். "எலி வேண்டாம். விருந்துக்கு வருகிறவர்கள் சாப்பிட வேண்டும். மூன்றாவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாலாவது ஏதாவது இருக்கிறதா?"

"இருந்தால் அது உங்களிடம்தான் இருக்கிறது, மேடம்" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இதுதான் நான் உங்களுக்குச் சொல்லக்கூடிய கடினமான அறிவுரை: மேலே இருப்பவரிடம் பிரச்சினையைத் தெளிவாக வைத்த பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். பேச்சை நீட்டினால் அவர் பங்கு பழியையும் நீங்களே சுமந்துகொண்டு வெளியே வருவீர்கள்.

கேபின் சாவியை அவர் என்னிடம் கொடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக என் வீட்டில் மிஞ்சியிருந்த கடைசிப் பாட்டிலை அனுப்பினேன்.

விருந்து நாள். முதலில் பெரிய வட்டமாகப் போடுவதாக இருந்த படுகையைச் சுருக்கி, இருந்த செடிகளையெல்லாம் நெருக்கி நட்டேன். முற்றத்து விளக்குகளின் கீழே பழங்கள் நன்றாகத்தான் இருந்தன, சிவப்பாக, நிறைய. இலைகள் அங்கங்கே இருந்தன, வகுப்புக்கு வந்த சில மாணவர்கள்போல. ராயப்பன் இஸ்திரி போட்ட சட்டையில், ஹீட்டர்களைக் கவனிக்கும் சாக்கில், தூண் மறைவில் நின்றார். அவருக்குப் பின்னால் கிரிக்கெட் அணியில் பாதி.

மிஸ்டர் ஹாலம் வந்தார். விருந்தினர்கள் பின்னால் வந்தார்கள். பக்கத்துக் கேம்ப் மேனேஜரும் அவர் மனைவியும் முன்வரிசையில். மிஸ்டர் ஹாலம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இலை எங்கே?"

தூணுக்குப் பின்னால் யாரோ "ஏசுவே" என்றார்கள்.

மிஸஸ் ஹாலம் ஒரு அடி முன்னால் வந்தார். "இலையா? ஜார்ஜ், இது பழத்துக்கான படுகை. இலை மூடியிருந்தால் பழம் எப்படித் தெரியும்? குளிர்காலத்தில் இலையைக் குறைத்துவிட்டுப் பழத்தைக் காட்டுவதுதான் முறை. நுணுக்கமான வேலை. நானே கூட இருந்து பார்த்தேன்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் என்று சொல்ல முடியாது; முறை என்பதைத் தவிர.

"ஓ" என்றார் மிஸ்டர் ஹாலம். மறுபடி குனிந்தார். இந்தமுறை தெரிந்தவர்போல் தலையாட்டினார். அவர் ஆட்டியதும் பின்னால் எல்லோரும் ஆட்டினார்கள். ஒருவர் தன் ஊரிலும் பெரிய தோட்டங்களில் இப்படித்தான் செய்வார்கள் என்றார். பக்கத்துக் கேம்ப் மேனேஜரின் மனைவி என்னைத் தனியே இழுத்து, "எப்படிக் குறைக்கிறீர்கள்? கத்தரியாலா?" என்று கேட்டார்.

"நகத்தால்" என்றேன். "பின் வரிசையிலிருந்து."

மிஸஸ் ஹாலமுக்குத் திடீரென்று இருமல் வந்து உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை மிஸ்டர் ஹாலம் என்னைக் கூப்பிட்டார். தோட்டப் பிரிவில் என்னை நிரந்தரமாக்கிவிட்டதாகச் சொன்னார். பிறகு, "அந்த இலை குறைக்கும் வேலை. அதற்கு நல்ல பொறுமை வேண்டும், இல்லையா?" என்றார்.

"இரண்டு பேர் வேண்டும், சார்" என்றேன்.

வெளியே ராயப்பன் காத்துக்கொண்டிருந்தார். "என்ன மேடம் ஆச்சு?"

"கலாஸ், முடிந்தது. வேலை எனக்குத்தான்."

"நான் சொன்னேம்லா, பழத்தத் தொடாம விட்டா போதும்னு" என்றார். கைகுலுக்கினார். அவர் கையில் தைலம்.

மிஸஸ் ஹாலம் டென்னிஸ் இறுதி ஆட்டத்தில் தோற்றார். முழங்கை நன்றாகத்தான் இருந்தது; எதிராளி நன்றாக ஆடினார். பக்கத்துக் கேம்பில் அடுத்த குளிர்காலத்தில் போகன்வில்லாவின் இலைகளையெல்லாம் உருவிவிட்டு, பூ எங்கே என்று எங்களைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். நான் அன்று லீவில் இருந்தது நல்லதாயிற்று.

இன்றைய நிலைமை இது. ஒவ்வொரு கோடையிலும் கொஞ்சம் செடிகள் போகும். இருப்பதிலிருந்து பதியன் போட்டு ஈடுகட்டுகிறேன். கேபின் ஏ.சி. புதிது. கதவோரத்து டிரே கிரிக்கெட் அணிக்கு. அதில் பழம் எதிர்பார்க்காதீர்கள், கணக்கும் கேட்காதீர்கள். தோலில் தடவலாம், வாயில் போடக் கூடாது என்று மட்டும் அடிக்கடி நினைவூட்டுங்கள். அதற்கடுத்த சின்ன டிரே மிஸஸ் ஹாலமுடையது. மற்ற டிரேக்களில் இந்த வருடம் நல்ல காய்ப்பு, இலையும் முழுசாக இருக்கிறது. மிஸ்டர் ஹாலம் நேற்று வந்து பார்த்துவிட்டு, இலை கொஞ்சம் அதிகமாக இருக்கிறதே, எப்போது குறைக்கப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். அவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.